உடம்புச் சூட்டில் ஒரு குப்பி

புள்ள,

இன்று காலை யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். கதவைத் திறந்தால் ஹெல்மெட்டோடு ஒருவன், கையில் வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. என் இன்சுலின். "அங்கிள், அந்தர் ஐஸ் ஹை. ஜல்தி ஃப்ரிட்ஜ்மே ரக்கோ" என்று, சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி நீட்டினான். அந்த நேரம் பார்த்து எங்கள் குகட்பள்ளிப் பேட்டை முழுக்கக் கரண்ட் இல்லை. மே மாதம். சுவரைத் தொட்டால் தோசைக்கல். நான் பெட்டியை வாங்கினேன், இடது அக்குளில் இடுக்கினேன், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றேன். செல்போனில் வந்த நம்பரைக் கேட்டான். ஒற்றைக் கையால் கண்ணாடியைத் தேடி, ஒற்றைக் கையால் போனைத் தேடி, நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கீழே வையுங்களேன் என்று இந்தியில் சொன்னான். வேண்டாம் என்று தலையாட்டி, "நக்கோ" என்றேன்.

குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தை அடைகாக்கும் கிழவனை அவன் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருப்பான். நீ இருந்திருந்தால் "அண்ணே, அது வேற, இது வேற" என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. என் இடது கைக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

ராஜாக்களின் தோளைப் பாடினார்கள், வாளைப் பாடினார்கள், குதிரையின் குளம்பைக்கூட விடவில்லை. என் இடது அக்குளை ஒரு புலவனும் பாடவில்லை. விஞ்ஞானத்துக்கு அது செய்த தொண்டை முழுதாக அறிந்த ஒரே ஜீவன் நீ. ஆகவே உனக்கே எழுதுகிறேன். மாதாப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் உன் மகள் இதைப் படித்தால் "மாமா, யூ ஆர் எக்ஸாஜரேட்டிங்" என்பாள். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. சாட்சி சொல்ல நீயும் இல்லை. எனக்கு முழுச் சுதந்திரம். இருந்தாலும் இந்த ஒரு கதையை அளக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. அப்பா பொன்மலையிலிருந்து செகந்திராபாத் ரயில்வே பட்டறைக்கு மாற்றலாகி வந்து, நான் அவர் பின்னாலேயே ஃபிட்டராக நுழைந்து, ஓடாத எஞ்சினெல்லாம் என் இருமல் சத்தம் கேட்டாலே ஓடியது என்ற புகழோடு வாழ்ந்த காலம். நீயோ படித்துப் படித்து, மத்திய சர்க்கார் ஆய்வுக்கூடம் ஒன்றில் எலிகளோடும் குப்பிகளோடும் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாய். குவார்ட்டர்ஸில் சாப்பிட உட்காரும்போதுதான் எனக்குப் பாடம் நடக்கும்.

"செல்லு சாவுறதுல ரெண்டு தினுசு இருக்குண்ணே. அடிபட்டுச் சாவுறது ஒண்ணு. வீங்கி, வெடிச்சு, பக்கத்துல இருக்கிறதையும் நாசம் பண்ணிட்டுத்தான் போகும். இன்னொண்ணு, தானாவே முடிவெடுத்து, உள்ள இருக்கிறதையெல்லாம் சின்னச் சின்ன மூட்டையாக் கட்டி வெச்சுட்டு, சத்தமில்லாம போயிடும். அக்கம்பக்கத்துல தெரியவே தெரியாது."

"எங்க பட்டறையில ஐம்பத்தெட்டு வயசுல ரிட்டையர் ஆவானே, அந்த மாதிரியா?"

"உங்க ஆளுங்க சத்தமில்லாமலா போறாங்க? மாலை போட்டு, மைக் வெச்சு, மிக்சர் குடுத்து."

சிரித்துவிட்டு நீ முகத்தைத் தீவிரமாக்கிக்கொள்வாய். அப்படிப் போகத் தீர்மானித்த செல்லின் மேல்தோலில் ஓர் அடையாளம் தோன்றும், வெளிப் பார்வைக்கு அது இன்னும் திடகாத்திரமாகத்தான் இருக்கும், அந்த அடையாளத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருள் கிடைத்தால் யார் போகப் போகிறார், யார் இருக்கப் போகிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பாய். எலியின் மண்ணீரலிலிருந்து ஒரு செல், சாகவே தெரியாத புற்றுக் கட்டியிலிருந்து ஒரு செல், இரண்டையும் ஒட்ட வைத்து, அந்தத் தம்பதி பெருக்கிய வம்சங்களை பிளாஸ்டிக் தட்டுகளின் நூற்றுக்கணக்கான குழிகளில் தனித்தனியாக வளர்த்து, ஒவ்வொன்றாகச் சோதித்து உதறிக்கொண்டே வந்தாய். பாக்கி எல்லாம் சோம்பேறிகள். ஒரே ஒரு குழியில் இருந்த குலம் மட்டும் நீ தேடியதைச் சுரந்தது. ஒரு தாயின் பிள்ளைகள்; எல்லாம் ஒரே அச்சு; எல்லாவற்றுக்கும் ஒரே வேலை. நீ அதற்குக் குழியின் நம்பரையே பேராக வைத்தாய். நான் மகாராணி என்று கூப்பிட்டேன்.

மகாராணி நோஞ்சான். வளர மாட்டாள், வளர்ந்தால் படுத்துவிடுவாள். கொஞ்சத்தை உறைய வைத்துப் பத்திரம் பண்ணியிருந்தாய். நைட்ரஜன் கேன் எப்போது ஓட்டையானதோ, உள்ளே இருந்ததெல்லாம் ஆவியாகி, பத்திரமும் போயிற்று. மிஞ்சியது இன்குபேட்டருக்குள் இரண்டு சின்னக் குப்பிகள். அவ்வளவுதான் குலம். வேலை உனக்கு இன்னும் நிரந்தரமாகவில்லை. கமிட்டி வருகிறது, காட்டுவதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது, இது போனால் மறுபடி எலியிலிருந்து ஆரம்பிக்க ஒருவரும் விட மாட்டார்கள் என்று நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு நான் ஜோக் அடிக்கவில்லை. நம்பு.

பிறகு அந்த பந்த் நாள். யார் கூப்பிட்டது, எதற்கு என்பதெல்லாம் மறந்துவிட்டது. முந்தின சாயங்காலம் காற்றோடு மழை கொட்டி, உங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்திலிருந்த டிரான்ஸ்ஃபார்மர் மேல் மரம் விழுந்திருந்தது. மழை வந்த சுவடே இல்லாமல் மறுநாள் வெயில் ஏறிவிட்டது. எப்பேர்ப்பட்ட வெயில் என்கிறாய், காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டு நிழல் பார்த்து நடந்து போயின. பஸ் இல்லை என்று விடியற்காலையிலேயே என் ஸ்கூட்டரில் உன்னைக் கொண்டுபோய் விட்டேன். நான் வாசலிலேயே காத்திருந்தேன்; உள்ளே போனவள் மத்தியானம் வெளியே வந்தபோது உன் முகம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்துவிட்டது. பங்க் எல்லாம் மூடியாயிற்று. மரத்தை அகற்ற மின்வாரிய ஆள் வர வழியில்லை. என்னையும் உள்ளே கூட்டிப்போனாய்; மூடிய அறை வெந்துகொண்டிருந்தது, இன்குபேட்டரின் முள் நாற்பதைத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தது.

"ஐஸ் கொண்டாரவா?" என்றேன். ஐஸ் ஃபாக்டரிச் சுவரையே பெயர்த்துக்கொண்டு வரும் உத்தேசம் எனக்கு.

"நக்கோண்ணே. ஐஸ்ல வெச்சா விறைச்சுடும். இப்ப இருக்கிற நிலையில தாங்காது. முப்பத்தேழு வேணும். கூடவும் கூடாது, ரொம்பக் குறையவும் கூடாது."

கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் உன் சிநேகிதி டாக்டரம்மா இருந்தார். அங்கே ஜெனரேட்டர் உண்டு, இன்குபேட்டர் உண்டு. போனில் பேசியும் விட்டாய். வழியில்தான் நாற்பத்து மூன்று டிகிரி.

"இந்த ஊருல இன்னிக்கு முப்பத்தேழுக்கு எங்க புள்ள போறது?"

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். அந்தப் பார்வையின் அர்த்தம் புரிவதற்குள் ஒரு தெர்மாமீட்டரை என் அக்குளில் சொருகிவிட்டாய். முள்ளும் கண்ணாடியும் நிறைந்த அந்த அறையில், கோடி ரூபாய் யந்திரங்களெல்லாம் செத்துக் கிடக்க, வேலை செய்யும் ஒரே கருவி நான்தான் என்பது அப்போது நிரூபணமாயிற்று.

"முப்பத்தாறரை. போதும். சட்டைப் பட்டனக் கழட்டுண்ணே."

குப்பியை நான் அன்றுதான் கையில் தொட்டேன். தீப்பெட்டிகள் இரண்டைச் சேர்த்தாற்போல் தட்டையாக, சின்னக் கழுத்தோடு, உள்ளே செம்பருத்தி ஊறின தண்ணீர் மாதிரி ஒரு மடக்கு. மூடியை இறுக்கித் துணி சுற்றி என் இடது அக்குளில் வைத்தாய். இன்னொன்றை உன் ரவிக்கைக்குள், உன் இடது அக்குளில் வைத்துக்கொண்டாய். ஒண்ணு போனாலும் ஒண்ணு என்றாய். என் தலையிலும் தோளிலும் ஈரத் துண்டு. பிறகு ஒரு கட்டளை.

"பயப்படக் கூடாது. கோபம் வரக் கூடாது. யாரோடயும் சண்டை போடக் கூடாது. உடம்பு சூடேறும்."

என்னைப் பார்த்து இப்படி ஒரு கட்டளை. நான் தும்மினாலே தெருவில் இரண்டு கோஷ்டி உருவாகும் என்பது உனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தேன்.

கியரும் கிளட்ச்சும் இடது கையில். மேல்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மணிக்கட்டை மட்டும் திருப்பி ஓட்டுவது எப்படி என்று அன்று கற்றேன். ஒவ்வொரு குழியிலும் குப்பி ஒரு நூல் நழுவும். ஒவ்வொரு நூலுக்கும் என் உயிர் ஒரு முழம் நழுவும். சாலையில் ஈ காக்காய் இல்லை. கடைகளின் ஷட்டரெல்லாம் இறங்கிக் கிடக்க, தார் இளகி டயரில் ஒட்டி ஒட்டி விட்டது.  ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தச் சொல்லி என் வலது அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தாய்.

"முப்பத்தேழரை. துண்டு காஞ்சுடுச்சு." வாட்டர் பாட்டிலை என் தலையில் கவிழ்த்தாய். "என்னத்த நினைக்கிற நீ?"

"ஒண்ணும் நினைக்கல."

"அப்ப நல்லதா எதையாச்சும் நினை. ஊட்டிய நினை."

மெட்டுகூடா வளைவு வரைக்கும் நான் ஊட்டியில்தான் இருந்தேன். வளைவைத் தாண்டினால் சாலைக்குக் குறுக்கே ஒரு லாரி. டயர் எரிந்துகொண்டிருந்தது. முப்பது நாற்பது பேர், கையில் தடியும் கல்லுமாக. திரும்பிப் போக நேரமில்லை, பின்னாலும் ஆள் வந்துவிட்டார்கள்.

"ஏ மாமூ, காடி ரோக்கோ. கிதர் ஜாரே?" கழுத்தில் கைக்குட்டை கட்டிய ஒருவன் ஹேண்டில்பாரைப் பிடித்து, எங்கே போகிறாய் என்றான்.

ஆஸ்பத்திரிக்கு என்றேன். தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவன் உன்னைப் பார்த்தான். நீ அவனைவிட நன்றாகத்தான் இருந்தாய். சரி, விடுகிறோம், எல்லாரும் செய்வதைச் செய்துவிட்டுப் போ என்றான். வருகிறவன் போகிறவன் எல்லாரும் வண்டியை நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கி, மூன்று முறை கோஷம் போட வேண்டும். அவர்கள் வைத்த சுங்கம் அது. எனக்கு முன்னால் ஒரு பால்காரர் தூக்கிவிட்டுப் போனார்.

நான் வலது கையைத் தூக்கினேன். ஆகாயம் கிழிய ஒரு ஜிந்தாபாத் போட்டேன். அந்தக் கட்சி ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி ஒரு கோஷத்தைக் கேட்டிருக்காது.

"தோனோ ஹாத்."

இரண்டு கையும். 

இங்கேதான் என் வாழ்நாளில் நான் சொன்ன ஆயிரக்கணக்கான பொய்களில் மிகச் சுமாரான ஒன்றைச் சொன்னேன். "இந்தக் கைக்குப் பக்கவாதம், பாய். பிறவியிலேயே வராது."

கைக்குட்டைக்காரனின் முகம் ஒரு கணம் இரக்கத்தில் கனிந்தது. அப்புறம் அவன் பார்வை மெதுவாக என் தோளிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கி, கிளட்சை அழுத்திக்கொண்டிருந்த என் விரல்களில் வந்து நின்றது.

"ஹவ்? தோ கியர் கோன் டால்ரா? தேரா பாப்?"

சுற்றிலும் சிரிப்பு. கியரை உன் அப்பனா போடுகிறான் என்று கேட்கிறான். சிரிப்பு அடங்கியதும் இன்னொருவன் தடியின் நுனியால் என் சட்டையைத் தொட்டான். உள்ளே என்ன என்றான். பெட்ரோல் குண்டா, ஆசிடா என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். கேள்வி கேட்டவன்கூட விளையாட்டாகத்தான் கேட்டிருப்பான், ஆனால் கேட்டதும் எல்லார் முகமும் மாறிவிட்டது. தடி என் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே நுழையப் பார்த்தது. ஊட்டி எங்கேயோ போய்விட்டது. என் உடம்பு கொதிப்பது எனக்கே தெரிந்தது. கொதிக்கிறதே, கொதிக்கிறதே என்ற பயத்தில் இன்னும் கொதித்தது.

அப்போது நீ இறங்கினாய்.

"அவர விடுங்க. அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க தேடுறது எங்கிட்ட இருக்கு" என்று அவர்கள் பேச்சிலேயே சொன்னாய். திரும்பி நின்று, ரவிக்கைக்குள்ளிருந்து உன் குப்பியை எடுத்து, அந்த வெயிலில் கையை நீட்டினாய்.

சிவப்புத் தண்ணீர் பளபளத்தது. தடி என்னை விட்டு அதன் பக்கம் போயிற்று.

"க்யா ஹை யே?"

"உயிர். எலியோட உயிர். ஆராய்ச்சி பண்றதுக்கு வளக்கிறோம். வெயில் பட்டா செத்துடும்."

"சூஹா?" கைக்குட்டைக்காரன் குப்பியைக் கண்ணுக்கு நேரே தூக்கி, இப்படியும் அப்படியும் ஆட்டினான். எங்கே எலி, வால் எங்கே என்று ஒருவன் கேட்டான். குப்பி கை மாறிக் கை மாறிப் போயிற்று. சிரித்தார்கள், ஆனால் திருப்பித் தரவில்லை. பெரியவர் வருவார், அவர் பார்த்துச் சொல்லட்டும் என்று ஒருவன் அதைக் கொண்டுபோய் லாரியின் பானெட் மேல் வைத்தான். புள்ள, அந்த பானெட்டில் முட்டை உடைத்து ஊற்றியிருந்தால் தட்டு தேடுவதற்குள் கருகியிருக்கும்.

நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பானெட் பக்கம் திரும்பவே இல்லை. அதற்காகக் கெஞ்சினால் இவரிடமும் இருக்கிறதா என்று என்னைத் தேடுவார்கள். அதனால் தோற்றுப் போனவள் மாதிரி கொஞ்ச நேரம் மட்டும் வாதாடினாய், சர்க்கார் பொருள், மேலே பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம். பிறகு சலித்த குரலில், "சரி, வெச்சுக்குங்க" என்றாய். "அண்ணே, வண்டிய எடு."

ஸ்கூட்டர் மூன்றாவது உதையில்தான் கிளம்பியது. கிளம்பிய பிறகு கைக்குட்டைக்காரனுக்கு என்ன தோன்றியதோ, ஓடி வந்து, உன் எலியை எடுத்துப் போ என்று குப்பியை உன் மடியில் போட்டான். "லேஜா அம்மா, தும்ஹாரா சூஹா." நல்லவன்தான். அவன் கையே அதன் சூடு பொறுக்காமல் உதறியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

 அங்கிருந்து ஆஸ்பத்திரி வரை நீ என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

டாக்டரம்மா வாசலிலேயே நின்றார். லேபுக்குள் போனதும் நீதான் என் அக்குளிலிருந்து குப்பியை எடுத்தாய். என் கை பிரிய மறுத்தது, மரக்கட்டையாகி இருந்தது. நீ இரண்டு குப்பியிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, அதில் நீலச் சாயம் விட்டாய். செத்த செல்லுக்குள் நீலம் நுழைந்துவிடும், உயிருள்ளது நுழைய விடாது என்று முன்னமே எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஆகவே நீலம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டே நின்றேன். அது தெரியாமல் இருந்திருக்கலாம்.

முதலில் உன்னுடையதைப் பார்த்தாய். கண்ணை எடுக்காமல் "எல்லாம் நீலம்" என்றாய். பால் பாக்கெட் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல்.

பிறகு என்னுடையது. நீ மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தாய். திருகைத் திருப்பினாய். கண்ணாடியை நகர்த்தினாய். மறுபடி திருப்பினாய். சுவரில் ஓடிய கடிகாரம் என் மண்டைக்குள் ஆணி அடித்தது. நான் வேண்டாத தெய்வமில்லை. தமிழ், தெலுங்கு, உருது மூன்றிலும் வேண்டினேன். செல் சத்தமில்லாமல் போகும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. எனக்கே தெரியாமல், என் விலாவோடு ஒட்டிக்கொண்டே அது மூட்டை கட்டிப் போயிருக்குமோ என்று நினைத்தேன்.

"இங்க வந்து பாருண்ணே."

பார்த்தேன். நீலப் புள்ளிகள் அங்கங்கே இருந்தன, பொய் சொல்ல மாட்டேன். நடுவில், பனித்துளி மாதிரி, வட்ட வட்டமாக, வெளிச்சத்தை உள்ளே வைத்துக்கொண்டு, தெளிவாக மற்றவை. கூட்டம் கூட்டமாக. என் அரசாங்கத்தின் பிரஜைகள்.

"போதும்ணே. இது போதும்" என்றாய். அப்புறம்தான் ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டு அழுதாய். டாக்டரம்மா எனக்கு நன்னாரி சர்பத் கொடுத்தார். அதைக்கூட வலது கையால்தான் வாங்கினேன்.

அந்தக் கையளவிலிருந்து மகாராணி மறுபடி வம்சம் பெருக்கினாள். கமிட்டி வந்து தலையாட்டிவிட்டுப் போயிற்று. வேலை நிரந்தரமாயிற்று. நீ அச்சிட்ட கட்டுரையில் ஒரு வரியைக் காட்டி, தமிழில் படித்துச் சொன்னாய்: செல்கள் உடம்புச் சூட்டில் எடுத்துச் செல்லப்பட்டன. எந்த உடம்பு என்று போடவில்லை. நான் ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. பட்டறையில் மட்டும் எல்லாரிடமும் சொன்னேன், என்னைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது என்று.

மகாராணி ஒன்றும் உலகப் புகழ் பெறவில்லை. சில ஊர்களின் லேபுகளுக்கு உறைந்த குப்பிகளில் பயணம் போனாள். பின்னால் வெளிநாட்டுக் கம்பெனிகள் அவளைவிடக் கெட்டிக்காரிகளைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தன. "அதனால என்னண்ணே, அவ அவளோட வேலையச் செஞ்சா" என்றாய்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில், நோய் முற்றிய பிறகு, இனிமேல் ஊசி வேண்டாம் என்று நீயே டாக்டரிடம் சொல்லிவிட்ட மறுநாள் நான் வந்தேன். உன் மகள் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். வழியெல்லாம் ஜோக்குகளாகச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்தாய். மெட்டுகூடாவில் தடிக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படி, விலாவோடு இறுக ஒட்டிக்கொண்டிருந்தது.

"கைய விடுண்ணே" என்றாய் சிரித்துக்கொண்டே. "அங்க ஒண்ணும் இல்ல."

நீ சொன்னதை நான் எப்போது கேட்டிருக்கிறேன்? நீ அமைதியாக, அக்கம்பக்கத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல், மத்தியானத் தூக்கத்தில் போனாய். நான் கையை விடவில்லை. அன்றைக்கும் விடவில்லை, மயானத்திலும் விடவில்லை. எல்லாரும் இரண்டு கையையும் கூப்பினார்கள். நான் முழங்கையை விலாவிலிருந்து பிரிக்காமல் கூப்பினேன். யாரோ எனக்குத் தோள்வலி என்று பேசிக்கொண்டார்கள்.

இன்சுலினை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன், கவலைப்படாதே. கரண்ட் வந்துவிட்டது. பெட்டி காலி. இதை வலது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இடது கை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.